வெள்ளிப் பூச்சில் மணல்

அண்ணனின் இடது கண் போனதற்குக் காரணம் இனிப்பு நீர் நோய் என்று மருத்துவமனைத் தாளில் எழுதியிருக்கிறது. அது உண்மைதான். அந்தத் தாளில் எழுதாத இன்னொரு காரணம் நான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது. சொல்லத் தொடங்கினாலும் பிளாஸ்டிக் விமானத்துக்கு வெள்ளி நிறப் பெயிண்ட் தேடிய கதையாகத்தான் வருகிறது. வேறு வழியில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது. கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தில், விமானங்களைப் பழுது பார்க்கும் ஹேங்கரில் அவருக்கு அலுமினியத் தகடு வேலை. கீறல் விழுந்த தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து, ரிவெட் அடித்து, விரலால் தடவினால் ஒட்டுத் தெரியாதபடி ஆக்கிவிடுவார். அண்ணியோடு பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் நான்காவது மாடியில் குடியிருந்தார். நான் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் கிளார்க். அண்ணனைவிடப் பதினொரு வயது சின்னவன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அண்ணி கையால்தான்.

அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே போய்விட்டார். அதன்பிறகு எனக்குச் சட்டை வாங்கித் தந்ததும், பரீட்சைக்கு அழைத்துக்கொண்டு போனதும், வேலைக்கு மனு எழுதிக் கொடுத்ததும் அண்ணன்தான். அவர் எது சொன்னாலும் என் வாயில் முதலில் வருவது 'ஆமாண்ணே'. பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்று யோசிப்பேன். இதை மரியாதை என்று ஊரில் பாராட்டினார்கள்.

விமான மாடல் கட்டுவது அண்ணனின் பைத்தியம். பகலெல்லாம் நிஜ விமானத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சாயங்காலம் கையடக்க விமானத்தோடு உட்காருவார். அண்ணி எரிச்சல் பட்டால், "பெருசு பாத்தாச்சு, இப்ப சின்னது" என்பார். அவர் கட்டுகிறார் என்பதால் நானும் கட்டினேன். என் விமானங்களின் இறக்கைகள் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். எனக்குப் பொறுமையும் கிடையாது, கையும் கிடையாது. ஆனால் அண்ணனோடு உட்கார அதைவிட நல்ல சாக்கு கிடைக்கவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மாடல் கடை இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அங்கே ஐந்தாறு பேர் கூடுவோம். ஒரு மாடலைக் கையில் எடுத்தால் உடனே கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். வெள்ளி நிறம் அடித்த மாடல் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். காரணம் உண்டு. அந்தப் பெயிண்டில் இருப்பது அலுமினியப் பொடி. பொடி நைசாக இருந்தால் பூச்சு முழுக்க ஒரே தகடாகத் தெரியும். கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக மினுக்கும். அதைத்தான் எல்லாரும் மணல் என்று சொல்வோம். எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிய விமானத்தில் மணல் தெரிந்தால், நிஜ விமானத்தில் அது முஷ்டி அளவு கல். "முஷ்டி அளவு கல்லு ஒட்டின விமானத்துல நீ ஏறுவியாடா?" என்று அண்ணன் கேட்பார்.

அங்கே போகத் தொடங்கிய புதிதில் ஒரு நாள் யாரோ ஒரு மாடலை என் முகத்துக்கு நேரே நீட்டி, "மணல் தெரியுதா?" என்று கேட்டார். "ஒண்ணும் தெரியலையே" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். "தம்பிக்கு இன்னும் பழகல லா, விடுங்க" என்றார் ஒருவர். அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு சங்கடம் ஓடியது. அந்தச் சங்கடம்தான் என்னைத் தின்றது. அன்றிலிருந்து யார் எந்த மாடலைக் காட்டி மணல் என்று சொன்னாலும் எனக்கும் தெரிந்தது. இரண்டு விநாடி உற்றுப் பார்த்து, தலையை மெல்ல ஆட்டினால் போதும் என்று கண்டுபிடித்துவிட்டேன். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் மாடல் போட்டி நடக்கும். அந்த வருடம் அண்ணன் ஒரு ஜெட் விமானத்தை வைத்திருந்தார். நடுவராக வந்த இளைஞன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு அங்கிள், ஆனா சில்வர் மணல் மணலா இருக்கு" என்றான். பரிசு போனதை அண்ணன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுமினியத்தோடு இருபது வருடம் வாழ்ந்தவரைப் பார்த்து, உன் அலுமினியம் சரியில்லை என்று ஒரு பையன் சொல்லிவிட்டான். அதோடு அங்கிள் வேறு. அதுதான் அவரைச் சுட்டது.

அடுத்த மாதமே பழைய காலத்து இரண்டு எஞ்சின் பயணிகள் விமானம் ஒன்றைக் கட்ட எடுத்தார். மேலே வண்ணம் எதுவும் இல்லாமல், தகடு தகடாகவே பறந்த வகை. ஹேங்கரில் சேர்ந்த புதிதில் அவர் முதலில் கை வைத்த விமானம் அது. "இதுல ஒரு துகள் தெரியக் கூடாது" என்றார். "ஆமாண்ணே" என்றேன்.

எனாமலும் லாக்கரும் வீட்டுக்குள் அடிக்க முடியாது. அண்ணிக்கு இளைப்பு. அந்த வாசனை பட்டால் இரண்டு நாள் மூச்சு வாங்கும். அதனால் அக்ரிலிக். வாசனை குறைவு, சீக்கிரம் காயும், கழுவுவதும் சுலபம். ஆனால் அக்ரிலிக்கில் நைசான வெள்ளி நிறம் கிடைப்பது அந்தக் காலத்தில் பெரிய பாடு. பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷுக்குக் காற்று கொடுக்கக் கம்ப்ரஸரும் எங்களிடம் இல்லை. காரின் ஸ்பேர் டயரில்தான் குழாயை மாட்டுவோம். டயரில் காற்று குறைந்ததும் அதைக் கழற்றி, உருட்டிக்கொண்டு பெட்ரோல் ஸ்டேஷன் போய், நிரப்பிக்கொண்டு நான்கு மாடி ஏற வேண்டும். லிஃப்ட் வேலை செய்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். டயர் தூக்கும் உத்தியோகம் என்னுடையது. பிளாட்டில் இருந்த பிள்ளைகள் எனக்கு டயர் அங்கிள் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பெயிண்ட் தேர்ந்தெடுப்பதற்கு அண்ணனிடம் ஒரு முறை இருந்தது. கடையில் பாட்டிலைக் குலுக்காமல் கவிழ்ப்பார். அடியில் படிந்த பொடி கண்ணாடியை விட்டு எப்படி இறங்குகிறது என்று பார்ப்பார். கட்டியாக விழுந்தால் வேண்டாம். புகை மாதிரி கலைந்தால் நல்லது. பிறகு மூடியின் உட்புறத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்ப்பார். முகப்பவுடர் மாதிரி வழுக்க வேண்டும். கடை முதலாளி சீனர், பொறுமைசாலி. பிரித்த பாட்டிலை எங்களைத் தவிர யார் தலையிலாவது கட்டிவிடுவார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் சோதனை. முதலில் பளபளக்கும் கறுப்பு. அது காய்ந்ததும் அதன்மேல் வெள்ளி நிறம், மெல்லிசாக, நான்கைந்து தடவை, காற்றைக் குறைத்து வைத்து. கரண்டியின் காம்பில் எந்தப் பெயிண்ட், எதில் கரைத்தது என்று பேனாவால் எழுதி வைப்பார்.

முதல் இரண்டு கரண்டிகள் தேறவில்லை. மூன்றாவதற்கு, புதிதாக வந்திறங்கிய ஒரு பாட்டிலைக் கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார். "இனி பாலிங் ஹாலுஸ், பாஸ்" என்றார். இதைவிட நைசு கிடையாது என்று அர்த்தம். அதை அடித்து ஜன்னலோரம் காயவைத்திருந்தோம். சமையலறையிலிருந்து வந்த அண்ணி அந்தக் கரண்டியை எடுத்து, "ஸ்டீல் கரண்டியெல்லாம் இங்க கொண்டாந்து போட்டா நான் எங்க தேடுறது?" என்று உள்ளே கொண்டுபோகப் பார்த்தார். கையில் எடையில்லை என்பதை உணர்ந்தபிறகுதான் பிளாஸ்டிக் என்று தெரிந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். தேடல் முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணன் கரண்டியை வாங்கி ஜன்னலில் பிடித்தார். சாய்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மணல்" என்றார். "பாரு. தெரியுதா?"

பார்த்தேன். ஜன்னல் கம்பியின் கோடு வளைந்து தெரிந்தது. என் சட்டையின் நிறம் தெரிந்தது. வேறு எதுவும் இல்லை.

"தெரியுதுண்ணே" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அது எதற்கான நிம்மதி என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. தம்பிக்கும் பழகிவிட்டது என்ற நிம்மதி என்றுதான் எடுத்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு எட்டு மாதம். பெயிண்ட் சரியில்லை என்று பெயிண்டை மாற்றினோம். ஊசி சரியில்லை என்று ஏர்பிரஷ் ஊசியை மாற்றினோம். பெட்ரோல் ஸ்டேஷன் காற்றில் ஈரம் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு வேறு ஸ்டேஷனுக்கு டயரை உருட்டினேன். மழைக்காலத்தில் அடிக்கக் கூடாது என்று காத்திருந்தோம். தண்ணீரில் கரைத்துப் பார்த்தோம், ஸ்பிரிட்டில் கரைத்துப் பார்த்தோம், துணியில் வடிகட்டிப் பார்த்தோம். இரண்டு முறை விமானத்தின் மேலேயே அடித்து, அவருக்குப் பிடிக்காமல், பிரேக் ஆயில் ஊற்றிய ஐஸ்கிரீம் டப்பாவில் அதை ஊறப்போட்டு மொட்டையடித்தோம். ஒவ்வொரு முறையும் அண்ணன் ஜன்னலுக்குப் போவார். ஒவ்வொரு முறையும் மணல். ஒவ்வொரு முறையும் எனக்கும் தெரிந்தது.

அந்த மாதங்களில் ஊரெல்லாம் ஜெரெபு என்கிற புகைமூட்டம் வேறு. எங்கோ காடு எரிந்து, கோலாலம்பூர் வானம் வெளுத்துப்போய், எல்லாருக்கும் கண் எரிந்தது. அண்ணன் பத்திரிகையைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். புகை என்றார். படியில் ஒரு முறை கால் தவறினார். புகை என்றார். இனிப்பு நீர் மாத்திரை சமையலறை அலமாரியில் தீராமலேயே கிடந்தது. "சாப்பிட்டா தலை சுத்துது" என்பார். கண்ணை ஒரு தரம் காட்டிவிட்டு வரலாமே என்று அண்ணி சொன்னபோதெல்லாம், "போட்டி முடியட்டும்" என்று தள்ளிவிட்டார். கண் கெட்டவன் தகட்டு வேலை செய்ய முடியாது. அந்தப் பயம் அவருக்குள் இருந்திருக்கிறது. இப்போது எனக்கு அது புரிகிறது.

சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர், தெலுக் பங்லிமா காராங்கில் ரேடியோவின் பிளாஸ்டிக் முகப்புக்கு வெள்ளி நிறம் அடிக்கிற தொழிற்சாலை ஒன்று இருக்கிறது, அவர்கள் பெயிண்டில் பொடி மாவு மாதிரி இருக்கும் என்றார். அங்கே பெயிண்ட் பிரிவில் மேற்பார்வை பார்த்த ஓர் அக்கா அவருக்குச் சொந்தம். நாங்கள் அதுவரை அடித்ததில் நல்லதாகத் தோன்றிய கரண்டியை, அந்த மூன்றாவது கரண்டியைத்தான், ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அண்ணனின் காரில் போனோம்.

அந்த அக்கா சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வந்தார். முழங்கை வரை வெள்ளிப் பொடி. கரண்டியை வாங்கி வெயிலில் காட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கண்ணே மணலு? இதுல என் மூஞ்சியே தெரியுது."

"நல்லா பாருங்கம்மா. பொட்டு பொட்டா."

"பத்து வருசமா இதைத்தாண்ணே பாக்கறேன். எங்க பேக்டரில இந்த மாதிரி வந்தா நாங்க கும்பிட்டு பாஸ் பண்ணிடுவோம்."

அண்ணன் சிரிக்க முயன்றார். முடியவில்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கரண்டியை ஒரு கண்ணுக்கு நேராகப் பிடித்தார், பிறகு மறு கண்ணுக்கு நேராக. அப்போது அவருக்கு ஏதோ தட்டியிருக்கிறது. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் அவரே விஷயத்தைப் பிடித்திருப்பார். சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுடா. இருக்கா இல்லையா?"

அவர் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. எப்போதும் 'தெரியுதா' என்று கேட்பார். அதில் பதிலும் சேர்ந்தே இருக்கும். இந்த முறை நிஜமாகவே கேட்டார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், ஒரு வெளி ஆளின் முன்னால் அண்ணனை விட்டுக்கொடுப்பதா என்றுதான் எனக்குத் தோன்றியது.

"இருக்குண்ணே" என்றேன். அதோடு விட்டேனா? "ஓரத்துல கொஞ்சம் ஜாஸ்தி."

அண்ணனின் தோள்கள் தளர்ந்தன. "பாத்தீங்களாம்மா" என்றார் அக்காவிடம், பழைய குரலில். "தினம் பாத்துப் பாத்து உங்களுக்குக் கண்ணு மரத்துப் போச்சு." அந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு சின்ன டப்பாவில் அவர்கள் பெயிண்டைக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பும்போது கிள்ளானில் அண்ணன் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டி ஓட்டினார். லோரிக்காரன் ஹார்ன் அடித்துக் கெட்ட வார்த்தையில் திட்டினான். "இந்தப் புகையில என்னா எழவு தெரியுது" என்றார் அண்ணன். அன்று புகையே இல்லை. வானம் நீலமாக இருந்தது. நான் "ஆமாண்ணே" என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை, நான் டயரோடு மேலே ஏறி வந்தபோது அண்ணன் மேசை முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கறுப்புப் பெயிண்ட் பாட்டில் மூடியோடு நேராகவே நின்றது. "எதாச்சும் கொட்டிருச்சாடா?" என்று கேட்டார். "மை ஊத்தின மாதிரி இறங்குது. இடது கண்ணுல." அண்ணன் பயந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டயரைக் கீழே போட்டேன். அது உருண்டுபோய்ச் சுவரில் மோதி விழுந்தது.

மருத்துவமனையில் நானும் கூடவே உள்ளே இருந்தேன். டாக்டர் சின்ன வயதுப் பெண்மணி. கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, விழித்திரை பாழாகியிருக்கிறது, இது ஒரு நாளில் வந்ததில்லை என்றார். எத்தனை மாதமாகப் பொட்டுகள் தெரிகின்றன என்று கேட்டார். பொட்டுகளா, இன்றைக்குத்தான் என்றார் அண்ணன். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. வெளிச்சமான, வழுவழுப்பான எதையாவது பார்க்கும்போது, பொடிப் பொடியாக, மணல் மாதிரி?

"அது பெயிண்ட், டாக்டர்" என்றார் அண்ணன்.

டாக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அந்த அறையில் எனக்கு மட்டும்தான் முழுதாக விளங்கியது. எழுந்து வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் லேசர் வைத்து நிறுத்தியிருக்கலாம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது கரண்டி எட்டு மாதத்துக்கு முன்னால்.

துணிமணி எடுத்துவர அன்று பிளாட்டுக்குத் திரும்பினேன். கரண்டிகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. பதினேழு. ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். முதல் இரண்டைத் தவிர மீதி எதிலும் ஒரு துகள் கிடையாது. யாருக்கும் தலையாட்டத் தேவையில்லாமல் பார்த்தபோது என் கண் நன்றாகவே வேலை செய்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவரும் கண்கலங்கினார்.

இடது கண் திரும்பவில்லை. வலது கண்ணுக்குப் பல தடவை லேசர் வைத்தார்கள். ஆள் நிற்பது தெரியும், யார் என்பது குரலில்தான் தெரியும் என்ற அளவில் அது நின்றது. ஹேங்கரில் மருத்துவ ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு எஞ்சின் விமானம் மொட்டையாகவே அலமாரியில் நின்றது. நான் தினமும் வேலை முடிந்து பஸ் பிடித்துப் பிரிக்பீல்ட்ஸ் வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் வந்தேன். அண்ணன் ரேடியோவைக் குறைத்துவிட்டு, "வாடா" என்பார். அந்த 'வாடா'வைக் கேட்டதும் பஸ்ஸைப் பற்றி, மழையைப் பற்றி, வாங்கி வந்த பழத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவேன். இப்படி ஒரு வருடம் போனது.

ஒரு மத்தியானம் அண்ணி மனசு பொறுக்காமல் பொங்கினார். "கண்ணுல மணல் தெரியுது தெரியுதுன்னு எத்தனை மாசம் சொன்னீங்க? அப்பவே ஒரு எட்டு போயிருந்தா?"

"அது கண்ணு இல்லம்மா" என்றார் அண்ணன் நிதானமாக. "அது பெயிண்டுதான். தம்பியும் பாத்தான்ல? ஒவ்வொரு வாட்டியும் பாத்தான். அவன் மட்டும் பாக்கலன்னா எனக்கே சந்தேகம் வந்திருக்கும்."

அண்ணி என்னைப் பார்த்தார். இப்போது வரும், இப்போது கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தது. ஆனால் அண்ணியின் முகம் வெளிறியது.

"தம்பி, அப்ப உங்களுக்கும் தெரிஞ்சதா? உங்கப்பாவுக்கும் இனிப்பு நீர் இருந்துச்சே! ஐயோ, இத்தனை நாளா சொல்லாம இருக்கீங்களே!"

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். குரல் வந்த திசையில் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். "நாளைக்கே போறோம்" என்றார். "என்னை மாதிரி ஆயிடாதடா."

இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத் தெரிகிறது, வேலைக்கு லீவு கிடைக்காது. எப்படிச் சொன்னாலும் அது அண்ணன் முன்பு சொன்ன மாதிரியே அவர்கள் காதில் விழுந்தது. அதற்கு மேல் என்ன சொல்ல? ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தால் போதும். அதை மட்டும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அண்ணன் தானே பிடிவாதமாகக் கூட வந்தார். பஸ்ஸில் ஏற நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். மருத்துவமனையில் நான் பயப்படக் கூடாது என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். கண்பாப்பா விரியும் வரை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்காக வேண்டிக்கொள்கிறார் என்று தெரிந்தது. அந்த அரை மணி நேரத்தைப் போல ஒன்றை என் எதிரிக்கும் நான் விரும்பமாட்டேன்.

அதே டாக்டர்தான். விளக்கைப் போட்டு இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார். "சுத்தமாக இருக்கிறது" என்றார். "எப்போதுமே நன்றாகத்தான் இருந்திருக்கிறது."

"ஒண்ணுமே இல்லையா, டாக்டர்? போன வருசம் கூட?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒன்றுமே இல்லை."

அண்ணன் கைகூப்பினார். வெளியே வந்ததும் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது போதும்டா, அது போதும்" என்றார். என் தோளில் கை வைத்தார். படி இறங்கத் தொடங்கினோம். மருந்தின் வேகத்தில் எனக்கும் வெளிச்சம் கூசியது. படியை மெல்லத் தேடித் தேடி இறங்கினேன். பாதிப் படியில் அவர் நின்றார்.

"உன் கண்ணு நல்லாதான் இருந்துச்சு" என்றார். கேள்வியாக இல்லை, அவருக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. "அந்தக் கரண்டில மணல் இருந்துச்சாடா?"

ஒரு வருடமாகத் தொண்டையில் நின்றது அப்போதுதான் வந்தது.

"இல்லண்ணே."

"பின்ன ஏன்டா இருக்குன்னே?"

"நீங்க இருக்குன்னீங்கண்ணே."

ஆட்கள் எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள், இறங்கிப் போனார்கள். என் தோளில் இருந்த கை இறுகியது. உதறப் போகிறார் என்று நினைத்தேன். உதறட்டும், அறையட்டும் என்று நின்றேன். வேறெதற்கும் நான் தகுதியில்லை. கை தோளை விட்டுச் சற்று எழும்பியது. கீழே இன்னும் பத்துப் பன்னிரண்டு படிகள் இருந்தன. ஓரத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. அண்ணன் ஒரு காலை முன்னால் நீட்டி, படியின் விளிம்பு தட்டுப்படாமல், அப்படியே வைத்திருந்தார்.

பிறகு கையை மறுபடியும் என் தோளில் வைத்தார்.

"நட" என்றார்.